குளியலறைச் சுவரில் பூஞ்சணம்: பொறுப்பு யாருடையது?



மாரி பிறந்துவிட்டால் நமது வீடுகளுக்கு அழைப்பில்லாத ஒரு விருந்தாளி வந்து சேர்வதை நீங்கள் அறிவீர்கள். குளியலறையின் மேல் மூலையில் முதலில் ஊசி முனையளவான சில கரும்புள்ளிகள் தோன்றும். சில கிழமைகளில் அவை ஒன்றோடொன்று கூடிக் கறுத்த திட்டாகும். பிறகு தொங்கவிட்ட துவாயில் ஒரு புளித்த நாற்றம், அலுமாரியின் பின்புறத்தில் சாம்பல் நிறப் படலம், இரவானால் சின்னப் பிள்ளைக்கு ஓயாத இருமல். இதைத்தான் பூஞ்சணம் என்கிறோம்.

சொந்த வீட்டில் இருப்பவர் சலித்துக்கொண்டாவது அதைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். வாடகை வீட்டில் இருப்பவருக்கோ பூஞ்சணத்துடன் ஒரு பிணக்கும் சேர்ந்தே முளைக்கிறது. "நீங்கள் தண்ணீரை அள்ளி ஊற்றுகிறீர்கள், யன்னலைத் திறப்பதே இல்லை, அதனால்தான் இப்படி" என்பார் வீட்டுச் சொந்தக்காரர். "உங்கள் சுவர்தான் ஊறுகிறது, நாங்கள் என்ன செய்வது?" என்பார் குடியிருப்பவர். வாடகை கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் இந்தப் பேச்சு வளர்கிறது. வீட்டை விட்டுப் போகும் நாளில் முற்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்பதில் வந்து அது வெடிக்கிறது. ஒரே பள்ளிவாசலில் தொழுகின்ற இரு குடும்பங்கள் சலாம் சொல்வதையும் நிறுத்திவிடுகின்றன.

மார்க்க விளக்கம் கேட்டு வருகின்ற சகோதரிகள் சிலரும் இதே கேள்வியைக் கேட்கின்றனர். பொறுப்பு யாருடையது? சொந்தக்காரருடையதா, குடியிருப்பவருடையதா? இதற்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது. ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் வழி உண்டு. பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரம். ஆகவே "யாருடைய பிழை?" என்று கேட்பதற்கு முன்னர் "இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்க வேண்டும். நீரின் வழி தெரிந்துவிட்டால் பொறுப்பின் வழியும் தெரிந்துவிடும். இந்த வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம்.

ஒரு பாலகனின் மரணம்

இங்கிலாந்தின் வட பகுதியில் ரொச்டேல் என்றொரு நகரம் உண்டு. அங்கே சூடானிலிருந்து சென்று குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம், வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தமான சிறிய மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தது. குளியலறையிலும் குசினியிலும் பூஞ்சணம் படர்ந்திருந்தது. 2017 ஆம் ஆண்டிலேயே தகப்பன் அதனை நிறுவனத்துக்கு அறிவித்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளுமாறு அவருக்குச் சொல்லப்பட்டது. அவரும் அடித்தார். பூஞ்சணம் மீண்டும் மீண்டும் வந்தது.

2020 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் மகன் அவ்வாப் இஸ்ஹாக் மரணமானான். அப்போது அவனுக்கு இரண்டு வயதே நிரம்பியிருந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தமது தீர்ப்பை வழங்கினார். வீட்டிலிருந்த பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததால் ஏற்பட்ட கடுமையான சுவாச நோயே பிள்ளையின் மரணத்துக்குக் காரணம் என்பது அத்தீர்ப்பு. அந்த வீட்டுக்குப் போதிய காற்றோட்டம் இருக்கவில்லை என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

சகோதரிகளே, நாம் இங்கே கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம் உண்டு. அந்த நிறுவனத்தினர் ஈரத்தின் மூலத்தைத் தேடுவதற்கு முன்னரே, இந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறைதான் காரணம் என்று எண்ணிக்கொண்டனர். வாளியில் நீர் எடுத்து ஊற்றிக் குளிக்கும் வழக்கத்தையும் சமைக்கும் முறையையும் அவர்கள் சந்தேகித்தனர். அந்த எண்ணம் தவறானது என்பதைப் பின்னர் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்குள் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு பிள்ளையும் போய்விட்டது.

இந்த மரணத்தின் பின்னர் 2023 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சமூக வீடமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மக்கள் அதன் ஒரு பகுதியை அந்தப் பிள்ளையின் பெயராலேயே அழைக்கின்றனர். 2025 ஒக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதிகளின்படி, சமூக வீடுகளை வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் உடனடி ஆபத்து உள்ள குறைபாட்டை 24 மணித்தியாலத்துக்குள் கவனிக்க வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சணமும் பற்றி முறைப்பாடு வந்தால் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். ஆபத்து இருப்பது தெரிந்ததும் 5 வேலை நாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும்.

அது குளிர் நாடு, நமக்கு ஏன் அந்தக் கதை என்று கேட்க வேண்டாம். ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டிடங்களில் வசிப்போருக்குச் சுவாசத் தொல்லைகள், சுவாசத் தொற்றுகள், முட்டு வருத்தம் ஆகியன அதிகரிக்கின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறியிருக்கிறது. பூஞ்சணம் உள்ள எல்லா வீட்டிலும் மரணம் நிகழும் என்று நான் உங்களைப் பயமுறுத்தவில்லை. ஆனால் பிள்ளையின் இருமலுக்கு மாதந்தோறும் பாணி மருந்து வாங்கிக்கொண்டு, இருமலை உண்டாக்கும் சுவரை விட்டுவைப்பது புத்திசாலித்தனமல்ல.

ஈரம் வரும் நான்கு வழிகள்

நம் நாட்டு வீடுகளில் குளியலறைச் சுவர் நான்கு வழிகளால் ஈரமாகிறது.

முதலாவது மழை நீர். வெடித்த கூரைத் தகடு, இடம்பெயர்ந்த ஓடு, இலை அடைத்த பீலி, வெடிப்புள்ள சிலாப் ஆகியவற்றின் வழியாக அது இறங்கும். மழைக்குப் பின் கறை பெரிதாகி, வெயில் காலத்தில் காய்ந்தால் இதுதான் காரணம்.

இரண்டாவது குழாய் நீர். சுவருக்குள் புதைத்த பைப் கசிந்தால் மழையோ வெயிலோ ஒரே இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். இதனைச் சோதிப்பது இலகு. இரவில் எல்லாத் திருகுபிடிகளையும் பூட்டுங்கள். மலசலகூடத் தண்ணீர்த் தொட்டி நிரம்பி நின்ற பின்னர் நீர் மானியின் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சுபஹுக்கு எழுந்ததும் நீரைத் தொடுவதற்கு முன் மீண்டும் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு. கழிவுக் குழாயிலும் தரையிலும் உள்ள கசிவை இந்தச் சோதனை காட்டாது. குளித்து முடித்த சற்று நேரத்தில் வெளிச்சுவரிலோ கீழ் மாடியின் கூரையிலோ ஈரம் தோன்றுவதே அதன் அடையாளம்.

மூன்றாவது நில நீர். அத்திவாரத்திலிருந்து மேலேறும் இந்த ஈரம் சுவரின் அடிப்பாகத்தில் கோடு போட்டது போல் நிற்கும். பூச்சு உதிரும். வெள்ளை உப்பும் பூக்கும்.

நான்காவது நாம் குளிக்கும்போதும் கழுவும்போதும் எழுகின்ற ஆவி. இது வெளியேற வழியில்லாதபோது மேல் மூலைகளிலும் சிலிங்கிலும் டைல்ஸ் இடுக்குகளிலும் படிந்து கரும்புள்ளிகளாகிறது. நமது மேற்குக் கரையில் பெரும்பாலான நாட்களில் வெளிக் காற்றிலேயே ஈரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. ஆகையால் காற்று ஓடாத குளியலறை தானாகக் காயும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து வருகிறதா என்று ஐயம் இருந்தால் ஒரு முழம் பொலித்தீன் போதும். சுவரின் மேற்பரப்பை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, பொலித்தீனை நான்கு பக்கமும் இடைவெளியில்லாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஓரிரு நாட்கள் கழித்துப் பாருங்கள். சுவரைத் தொடுகின்ற உட்பக்கத்தில் நீர் இருந்தால் சுவர் ஊறுகிறது. அறையைப் பார்க்கின்ற வெளிப்பக்கத்தில் துளிகள் இருந்தால் அது காற்றின் ஈரம். இதனைச் சொந்தக்காரரையும் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. இருவரும் கண்ணால் கண்ட பின் வாதத்துக்கு இடம் குறைவு.

பிக்ஹ் செய்திருக்கும் பங்கீடு

வாடகை என்பது இஸ்லாமியச் சட்டத்தில் இஜாரா எனும் ஒப்பந்தம். வீட்டின் உடைமை சொந்தக்காரரிடமே இருக்கிறது. அதன் பயனை, அதாவது மன்பஅத்தை மட்டும் ஒரு காலத்துக்கு அவர் விற்கிறார். விற்ற பயன் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும். வசிக்க முடியாத வீட்டுக்கு வாடகை வாங்குவது, கொடுக்காத பொருளுக்கு விலை வாங்குவதைப் போன்றது.

நமது அரபுக் கல்லூரிகளில் பெரிதும் மதிக்கப்படும் ஷாபிஈ மத்ஹப் நூல் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ். ஹிஜ்ரி 676 இல் மரணித்த அப்பெரியார் இந்த விடயத்தை வியக்கத்தக்க நுணுக்கத்துடன் பிரித்துக் காட்டுகிறார். அதன் கருத்தைச் சொல்கிறேன். வீட்டின் சாவியை ஒப்படைப்பது சொந்தக்காரர் மீது. கட்டிடத்தின் பராமரிப்பும் அவரைச் சார்ந்தது. அவர் விரைந்து திருத்திவிட்டால் நல்லது. இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. கூரை மீது விழுந்த பனியை அகற்றுவது சொந்தக்காரருக்குரியது. முற்றத்தில் விழுந்த பனியையும் குப்பையையும் கூட்டுவது குடியிருப்பவருக்குரியது.

இமாம் அவர்கள் வாழ்ந்த ஷாம் தேசத்தில் பனி பெய்தது. நமக்கு மழை பெய்கிறது. பங்கீடு மாறவில்லை. கட்டிடத்தைத் தாக்குவது கட்டிடத்துக்குரியவரின் பொறுப்பு. அன்றாடப் புழக்கத்தில் சேர்வது புழங்குபவரின் பொறுப்பு. ஆகவே கூரை ஒழுக்கு, சுவருக்குள் பைப் கசிவு, நில ஈரம், நீர் தாங்காத தரை ஆகிய அனைத்தும் சொந்தக்காரரைச் சாரும். டைல்ஸ் இடுக்கில் சேரும் சவர்க்கார அழுக்கைத் தேய்ப்பது, வடிகால் வாயில் அடைத்த மயிரை எடுப்பது, யன்னலைத் திறந்து வைப்பது ஆகியன குடியிருப்பவரைச் சாரும்.

இதற்கு மேல் இன்னொரு விதியும் உண்டு. வாடகைக்கு இருப்பவரின் கையில் வீடு ஓர் அமானத். அவர் எல்லை மீறினால் அல்லது கவனயீனமாக இருந்தால் மாத்திரமே நஷ்டத்துக்குப் பொறுப்பாவார். வழமையான புழக்கத்தில் தேய்ந்ததற்கும் பழுதானதற்கும் அவரிடம் ஈடு கேட்க முடியாது.

இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம் ஏற்படுகிறது. "ஐந்து வேளையும் வுழூ செய்கிறார்கள், நாலு பிள்ளைகள் குளிக்கிறார்கள், அதனால் பூஞ்சணம் வந்தது" என்று ஒரு சொந்தக்காரர் சொன்னால் அது எல்லை மீறலாகுமா? ஆகாது. குளிப்பதற்கும் வுழூ செய்வதற்கும்தானே குளியலறையை வாடகைக்குக் கொடுத்தார்! எந்தப் பயனுக்காகப் பணம் வாங்கினாரோ அந்தப் பயனை எடுத்ததைக் குற்றமாக்க முடியாது. யன்னலும் இல்லை, புகைபோக்கி விசிறியும் இல்லை, மேற்சுவரில் காற்றுத் துவாரமும் இல்லை என்றால் ஆவியைக் குடியிருப்பவர் எங்கே அனுப்புவார்? கராஜை மறித்தும் பின்வளவை மறைத்தும் கட்டப்படுகின்ற அனெக்ஸ் வீடுகள் பலவற்றில் இதுவே நிலைமை. அந்தக் குறை கட்டிடத்தின் குறை.

ஆனால் விசிறி இருந்தும் மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து அதனைப் போடாமலும், யன்னல் இருந்தும் அதற்குக் குறுக்கே பெட்டிகளை அடுக்கியும், ஈர உடுப்பை நாட்கணக்கில் குளியலறைக்குள்ளேயே தொங்கவிட்டும் சுவரைப் பழுதாக்கினால், அது கவனயீனம். அப்போது பொறுப்பு குடியிருப்பவரிடம் திரும்பிவிடும். பைப் சொட்டுவதைக் கண்டும் "அவருடைய வீடுதானே" என்று மாதக் கணக்கில் சொல்லாமல் இருப்பதும் அந்தப் பக்கமே சாயும். அமானத்தைக் காப்பவர் அது கெடுவதைக் கண்டு வாய்மூடி இருக்கலாமா?

மற்றொரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், அதுதான் வாடகை" என்று தொகை எதுவும் குறிக்காமல் சிலர் பேசிக்கொள்கின்றனர். வாடகை அறியப்பட்ட தொகையாக இருக்க வேண்டும். கட்டிடத் திருத்தத்தையே வாடகையாக வைப்பது ஷாபிஈ மத்ஹபில் செல்லுபடியாகாது. வாடகை இவ்வளவு என்று முதலில் முடிவு செய்து, அதிலிருந்து இவ்வளவு ரூபாவைத் திருத்த வேலைக்குச் செலவிடச் சொந்தக்காரர் அனுமதி கொடுப்பதே சரியான முறை. இதனால் பிற்காலத்துச் சண்டையும் தவிர்க்கப்படுகிறது.

சொந்தக்காரரோ குடியிருப்பவரோ முஸ்லிம் அல்லாதவராக இருந்தாலும் இந்தக் கடமைகளில் ஒரு துளியும் குறையாது. ஒப்பந்தம் ஒப்பந்தமே.

நாட்டுச் சட்டத்தின் நிலை

நமது நாட்டில் வாடகை உறவின் அடித்தளமாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். அதன் பொதுவான நிலையும் மேலே கூறியதற்குத் தூரமானதல்ல. வேறுவிதமாக உடன்படாதவிடத்து, எந்த நோக்கத்துக்காக வீடு கொடுக்கப்பட்டதோ அதற்கு ஏற்ற நிலையில் அதை ஒப்படைப்பதும் பேணுவதும் சொந்தக்காரரின் கடமை. கவனமாகப் பாவித்து, வழமையான தேய்வு நீங்கலாக, பெற்ற நிலையிலேயே திருப்பிக் கொடுப்பது குடியிருப்பவரின் கடமை.

"வேறுவிதமாக உடன்படாதவிடத்து" என்ற சொற்களை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். எல்லாத் திருத்தமும் வாடகைக்காரரின் செலவு என்று உடன்படிக்கையில் ஒரு வரி எழுதப்பட்டு, நீங்கள் வாசிக்காமல் கையொப்பமிட்டிருந்தால் வழக்கு உங்களுக்குக் கடினமாகும். அசையா ஆதனத்தை ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுக்கும் உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகவே நொத்தாரிசிடம் போகும் நாளில் கணவர் மாத்திரம் போய்க் கையொப்பமிட்டு வருவது போதாது. அந்த வீட்டில் நாள் முழுவதும் இருக்கப் போகின்றவர் நீங்கள். அதற்கு முன்னரே உடன்படிக்கையின் பிரதியை வாங்கி வாசியுங்கள். கூரை, குழாய், சுவர் ஆகியவற்றின் திருத்தம் சொந்தக்காரருடையது என்றும், சிறு புழக்கச் செலவுகள் உங்களுடையவை என்றும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.

குடியிருக்கும் சகோதரிக்கு

வீடு பார்க்கப் போனால் வரவேற்பறையின் அழகைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். முதலில் குளியலறைக் கதவைத் திறந்து மூக்கால் பாருங்கள். புதுப் பெயின்ட் மணம் ஒரு மூலையில் மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள். யன்னல் திறக்கிறதா, தரை நீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதில் வெட்கம் இல்லை.

சாவி வாங்கும் நாளில் சுவர், சிலிங், தரை ஆகியவற்றைக் கையடக்கத் தொலைபேசியில் படம் பிடித்துச் சொந்தக்காரருக்கும் ஒரு பிரதியை அனுப்புங்கள். இது நம்பிக்கையீனம் அல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு மார்க்கமே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

குடியேறிய பின் குளித்து முடித்ததும் சுவரிலும் தரையிலும் நிற்கும் நீரை வழித்து விடுங்கள். யன்னலையும் விசிறியையும் சற்று நேரம் திறந்தும் போட்டும் வையுங்கள். துவாயை வெளியே காயப் போடுங்கள். நனைந்த இடத்தை 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் முளைக்காது.

அப்படியும் கறை வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுத்திலும் அனுப்புங்கள். கண்ட திகதி, இடம், மழைக்குப் பின் கூடுகிறதா, வீட்டில் யாருக்கு வருத்தம் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். "உங்கள் வீடு நாறுகிறது" என்று தொடங்க வேண்டாம். "இந்த இடத்தில் ஈரம் கண்டோம், ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது" என்று தொடங்குங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடுவது ஆபத்தானது. வாடகை நிலுவை உங்களை வெளியேற்றுவதற்கே காரணமாகிவிடலாம். திருத்தச் செலவைக் கழிப்பதானால் எழுத்து மூலம் அறிவித்து, சம்மதம் பெற்று, பற்றுச்சீட்டுகளை வைத்துக்கொண்டு கழியுங்கள்.

வீட்டுக்குச் சொந்தக்காரியான சகோதரிக்கு

இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் வாடகை வாங்குகின்றவர்களும் இருப்பீர்கள். கிழக்கிலே பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கத்தால் எத்தனையோ வீடுகளின் உறுதி பெண்களின் பெயரில் இருக்கிறது. கணவரை இழந்த எத்தனையோ தாய்மாருக்கு மேல் மாடியின் வாடகையே அடுப்பெரிக்கும் வருமானம். "எனக்கு அந்தப் பணம் தவிர வேறு வழியில்லை, கூரையைப் பிரித்துக் கட்ட எங்கே போவேன்?" என்று நீங்கள் கேட்பது நியாயமே.

இருந்தும் சிந்தியுங்கள். இன்று பீலியை அடைத்திருக்கும் இலையை அள்ள ஓர் ஆளின் அரை நாள் கூலி போதும். அதனை விட்டுவிட்டால் அடுத்த மாரியில் சுவர் ஊறும். மேசன் பாஸைக் கூப்பிட்டுப் பூச்சை உடைத்துப் பூச வேண்டி வரும். அதையும் விட்டுவிட்டால் சிலாப்பின் கம்பி துருப்பிடித்துக் கொங்கிரீட் வெடிக்கும். அறிவித்த குடியிருப்பாளர் உங்கள் சொத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அவரைத் தொல்லைக்காரர் என்று எண்ணாதீர்கள். வாடகையில் ஒரு சிறு பங்கை ஒவ்வொரு மாதமும் திருத்தத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

சுவர் ஊறுவது தெரிந்தும் மேலே பெயின்ட் அடித்துப் புதியவருக்குக் காட்டுவது குறையை மறைத்தலாகும். விற்பனையில் குறையை மறைப்பது எப்படி ஆகாதோ, இஜாராவிலும் அப்படியே. பெயின்ட் சில மாதங்களில் உரிந்துவிடும். மறைத்த பாவம் உரிந்து போகாது. "இந்தப் பக்கம் மாரியில் கொஞ்சம் ஊறும், அதனால் வாடகையில் இவ்வளவு குறைத்திருக்கிறேன்" என்று சொல்லிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் பரக்கத் இருக்கும்.

மாடி வீடுகளில் மேல் வீட்டுக் குளியலறை கீழ் வீட்டில் ஒழுகுவதும் உண்டு. மேலிருந்து வருவது மலசலகூடக் கழிவு நீரானால் அது நஜீஸ். பூஞ்சணம் தன்னளவில் நஜீஸ் அல்ல. ஆனால் இந்த நீர் பட்ட உடுப்பும் இடமும் கழுவப்பட வேண்டும். கீழே இருப்பவரின் தொழுகையையே இது பாதிப்பதால் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப் போட இதில் இடமில்லை. அண்டை வீட்டாரின் உரிமையும் இதில் சேர்கிறது.

கழுவும்போது கவனம்

யார் பொறுப்பாக இருந்தாலும் கழுவுவது பெரும்பாலும் நமது பெண்கள்தான். சிறிய திட்டு என்றால் சவர்க்கார நீரால் நனைத்துத் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். உலர்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்ட வேண்டாம். அதன் நுண்வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் மறைத்து, கையுறை அணிந்து, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். முட்டு வருத்தம் உள்ளவர்களையும் பிள்ளைகளையும் அப்பால் அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வெளுப்புத் திரவமான குளோரினையும் மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. அமோனியா உள்ள திரவத்துடனும் கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் நச்சு வாயு பூட்டிய அறையில் உயிருக்கே ஆபத்தாகும். அஸ்பெஸ்டஸ் சிலிங்கில் பூஞ்சணம் இருந்தால் அதைச் சுரண்டவும் வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பொல்லாதது. ஒரு சதுர மீற்றருக்கு மேல் படர்ந்திருந்தாலோ, கழுவிய சில நாட்களில் திரும்பி வந்தாலோ, கழுவுவதை நிறுத்திவிட்டு ஈரத்தின் மூலத்தைத் தேடுங்கள். மூலம் அடைபடாதவரை கழுவுதல் வீண் உழைப்பு.

பிணக்கு முற்றிவிட்டால்

இருவரும் பேசித் தீராவிட்டால், இருவரும் நம்புகின்ற ஒரு மேசனையோ பிளம்பரையோ அழைத்துக் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். கட்டிடத்தின் குறையும் புழக்கத்தின் குறையும் கலந்திருந்தால் செலவைப் பகிர்ந்துகொள்வது ஸுல்ஹ் எனும் சமாதானத்துக்கு ஏற்றது. பள்ளிவாசல் நிர்வாகத்தினர் பலர் இத்தகைய விடயங்களைத் தீர்த்து வைக்கின்றனர். அதுவும் பயனளிக்காவிட்டால் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. அங்கே சட்டத்தரணி பேசுவதில்லை, நீங்களே பேசலாம். பெருஞ்செலவும் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் படங்களும் திகதியிட்ட கடிதங்களும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

சகோதரிகளே, தீங்கை அகற்ற வேண்டும் என்பது பிக்ஹின் பெரும் விதிகளில் ஒன்று. அதில் சொந்தக்காரரின் தீங்கு வேறு, குடியிருப்பவரின் தீங்கு வேறு என்ற பாகுபாடு இல்லை. இன்று மாலை உங்கள் குளியலறையின் மேல் மூலையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். கரும்புள்ளி கண்டால், வாடகைக்கு இருப்பவர் இன்றே அறிவியுங்கள். அறிவிப்புக் கிடைத்த சொந்தக்காரர் இந்த வாரத்துக்குள் போய்ப் பாருங்கள். பெயின்ட் வாளியை எடுப்பதற்கு முன் நீரின் வழியைத் தேடுங்கள்.

நமது வீடுகளைப் பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விடும் இல்லங்களாகவும், நமது கொடுக்கல் வாங்கல்களை நேர்மையானவையாகவும் ஆக்க வல்ல நாயன் அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.